காற்றுக்கு விலை வைப்பது யார்?

தொலைக்காட்சியில் பேசும்போது கடிகாரம் நம்மை அவசரப்படுத்திக்கொண்டே இருக்கும். ஒரு பதில் முடிவதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடும். கரிம வணிகம் பற்றிய கலந்துரையாடலிலும் அப்படித்தான் ஆனது. அன்று தொட்டுவிட்டுப் போன விவரங்களை இங்கே சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

பார்வையாளர் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "காற்றை எப்படிம்மா விற்பது? வாங்கியவர் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்?" என்று கேட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அன்று வந்த கேள்விகளிலேயே அதுதான் நல்ல கேள்வியாக எனக்குப் பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எடைபோட்டு, விலை வைத்து, கை மாற்றுகிறார்கள் என்றால், எடைபோடுகிறவர் யார், அவருடைய தராசு சரியானதா என்று கேட்கத்தானே வேண்டும்?

சிஓஇ தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி

சிங்கப்பூரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம்மிடம் வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, 1990ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சாலையில் எத்தனை வாகனங்கள் ஓடலாம் என்பதை அரசாங்கம் முடிவு செய்கிறது. என்ன விலை என்பதை ஏலம் முடிவு செய்கிறது. சான்றிதழ்கள் குறைவாகவும் கேட்பவர்கள் அதிகமாகவும் இருந்தால் விலை ஏறும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇகூட 100,000 வெள்ளியைத் தாண்டியது. அதே சிறிய கார் சிஓஇ, உலகமே பொருளாதார நெருக்கடியில் தவித்த 2008 நவம்பரில் 2 வெள்ளிக்குப் போனது. ஆமாம், இரண்டே வெள்ளி. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கரிம வணிகத்தின் அடிப்படையும் இதுதான். ஒரு நாட்டிலோ ஒரு கூட்டமைப்பிலோ உள்ள மின்நிலையங்களும் ஆலைகளும் ஓர் ஆண்டில் மொத்தம் இத்தனை டன் கரியமில வாயுவைத்தான் வெளியேற்றலாம் என்று அரசாங்கம் உச்சவரம்பு வைக்கிறது. அந்த அளவுக்கு அனுமதிச் சீட்டுகளை வெளியிடுகிறது. ஒரு சீட்டு, ஒரு டன். ஆண்டு முடிவில் ஒவ்வோர் ஆலையும் தான் வெளியேற்றிய அளவுக்குச் சீட்டுகளை ஒப்படைக்க வேண்டும். மிஞ்சினால் விற்கலாம், குறைந்தால் வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு உச்சவரம்பு இறங்கிக்கொண்டே வரும்.

இதனால் என்ன நன்மை? இரண்டு ஆலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆலை பழைய கொதிகலனை மாற்றினால் ஒரு டன்னை 30 வெள்ளி செலவில் குறைத்துவிட முடியும். இன்னொன்றுக்கு அதே ஒரு டன்னைக் குறைக்க 90 வெள்ளி ஆகும். இரண்டும் சமமாகக் குறைக்க வேண்டும் என்று சட்டம் போட்டால் செலவு கூடும். முதல் ஆலை கூடுதலாகக் குறைத்துவிட்டு, மிச்சமாகும் சீட்டை இரண்டாவது ஆலைக்கு 60 வெள்ளிக்கு விற்றால் இருவருக்கும் 30 வெள்ளி லாபம். வானத்துக்குப் போகும் புகையின் மொத்த அளவு மாறவில்லை. கனடியப் பொருளியலாளர் ஜான் டேல்ஸ் 1968இல் முன்வைத்த யோசனை இது. அமெரிக்கா 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடை இப்படித்தான் கட்டுப்படுத்தியது. 1995இல் தொடங்கிய அந்தத் திட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் வெற்றி பெற்றது. அந்தத் துணிச்சலில்தான் 1997 கியோட்டோ உடன்பாட்டில் கரியமில வாயுவுக்கும் சந்தை என்ற ஏற்பாடு இடம்பெற்றது.

ஐரோப்பா பட்ட பாடு

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தன் கரிமச் சந்தையைத் திறந்தது. திறந்த வேகத்தில் ஒரு காரியம் செய்தார்கள். ஆலைகளை முகம்சுளிக்க வைக்கக்கூடாது என்று அனுமதிச் சீட்டுகளை இலவசமாகவே, அதுவும் தாராளமாகவே கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு தேவை என்பதற்கு நம்பகமான பழைய கணக்கு அப்போது இல்லை. 2006 வசந்தகாலத்தில் ஆலைகளின் சரிபார்க்கப்பட்ட முதல் கணக்கு வெளிவந்தபோதுதான், தேவைக்கு மேல் சீட்டுகள் புழங்குவது தெரிந்தது. 30 யூரோ வரை போயிருந்த விலை சில நாள்களில் பாதியானது. முதல் கட்டச் சீட்டுகளை அடுத்த கட்டத்துக்குச் சேமித்து வைக்க முடியாது என்பதால் 2007இல் அவற்றின் விலை ஏறக்குறைய பூஜ்யம்.

இரண்டாம் கட்டத்தில் கொஞ்சம் இறுக்கினார்கள். உடனே 2008 நெருக்கடி வந்தது. ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, புகை தானாகக் குறைந்தது, சீட்டுகளோ முன்பு அச்சடித்த அளவிலேயே இருந்தன. நம் சிஓஇ 2 வெள்ளிக்கு விழுந்த அதே காரணம். ஆனால் சிஓஇ மீண்டுவிட்டது, ஐரோப்பியச் சந்தையில் மிச்சச் சீட்டுகள் ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போய் 200 கோடியைத் தொட்டன. 2013இல் ஒரு டன் 3 யூரோவுக்கும் கீழே போனது. ஒரு குவளை காப்பி விலைக்கு ஒரு டன் கரிமத்தை வானத்தில் விடலாம் என்றால் எந்த முதலாளி புதிய இயந்திரம் வாங்குவார்?

போதாக்குறைக்கு மோசடிகள் வேறு. ஒரு நாட்டில் வரியில்லாமல் சீட்டு வாங்கி, இன்னொரு நாட்டில் விற்பனை வரியோடு விற்று, அந்த வரியை அரசாங்கத்திடம் கட்டாமல் கம்பி நீட்டியவர்களால் சுமார் 500 கோடி யூரோ வரிப்பணம் போனதாக 2009இல் ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோல் கணக்கிட்டது. 2011 ஜனவரியில் கணினிக் கணக்கேடுகளுக்குள் புகுந்து சீட்டுகளைத் திருடியதால் உடனடி வர்த்தகத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் அந்தச் சந்தை சாகவில்லை. காரணம், அரசியல்வாதிகள் கடைசியில் கசப்பான முடிவை எடுத்தார்கள். மிச்சச் சீட்டுகளை உறிஞ்சி ஓரமாக வைக்கும் ஓர் ஏற்பாட்டை 2015இல் ஒப்புக்கொண்டு 2019இல் செயல்படுத்தினார்கள். உச்சவரம்பு வேகமாக இறங்கும்படி விதியை மாற்றினார்கள். 2023 பிப்ரவரியில் ஒரு டன் 100 யூரோவைத் தாண்டியது. அந்தச் சந்தைக்குள் வரும் துறைகளின் கரிம வெளியேற்றம் 2024இல் 2005ஆம் ஆண்டின் அளவில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதில் சந்தைக்கு எவ்வளவு பங்கு, மலிவான காற்றாலைக்கும் சூரிய மின்சக்திக்கும் எவ்வளவு பங்கு என்பதில் நிபுணர்கள் வாதாடட்டும். எனக்குத் தெரிவது இதுதான்: சீட்டு அரிதாக இருந்தபோது சந்தை வேலை செய்தது, தாராளமாக இருந்தபோது தூங்கியது. அரிதாக வைப்பதா தாராளமாக விடுவதா என்பதைச் சந்தை முடிவு செய்யவில்லை, அமைச்சர்கள் முடிவு செய்தார்கள்.

சிஓஇ தந்த நாடு ஏன் வரியைத் தேர்ந்தெடுத்தது?

இங்கேதான் எனக்கு ஒரு வியப்பு. ஏலம் விட்டு வாகனங்களைக் கட்டுப்படுத்தும் சிங்கப்பூர், கரிமத்துக்கு ஏலம் வைக்கவில்லை. 2019 ஜனவரி 1 முதல் நிலையான வரி விதித்தது. தென்கிழக்காசியாவிலேயே முதல் கரிம வரி அது.

காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. சிஓஇ கேட்டு ஏலத்துக்கு வருபவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியேற்றும் ஆலைகள்தாம் கரிம வரி கட்டுகின்றன. அவை சுமார் 50. மின்நிலையங்கள், ஜூரோங் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ரசாயன ஆலைகள், கணினிச் சில்லு ஆலைகள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நாட்டின் மொத்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவற்றிலிருந்து வருகிறது. அதிலும் சில பெரிய ஆலைகளின் பங்கே மிக அதிகம். ஈரச்சந்தையில் இரண்டே மீன்கடை இருந்தால் விலை எப்படி இருக்கும் என்று இல்லத்தரசிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தை நடக்கப் பலர் வேண்டும்.

வரியிலோ விலை முன்கூட்டியே தெரியும். முதல் ஐந்து ஆண்டுகள் டன்னுக்கு 5 வெள்ளி. 2024லும் 2025லும் 25 வெள்ளி. 2026, 2027 ஆண்டுகளுக்கு 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை. இந்த ஏணி முழுவதும் 2022 பிப்ரவரி வரவுசெலவுத் திட்ட உரையிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. 30 ஆண்டுகள் ஓடப்போகும் ஆலையைக் கட்டுபவருக்கு இந்த முன்னறிவிப்பு பெரிய விஷயம். ஐரோப்பிய முதலாளி காலையில் எழுந்து விலையைப் பார்க்க வேண்டும், ஜூரோங் தீவு முதலாளி நாள்காட்டியைப் பார்த்தால் போதும்.

ஆனாலும் வரி கட்டும் முறையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு சுவையான செய்தி தெரியும். ஆலைகள் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் நிலையான விலையில் கரிமப் புள்ளிகளை வாங்கி, தாங்கள் வெளியேற்றிய அளவுக்கு அவற்றை ஒப்படைக்கின்றன. சந்தைக்கான கடையைக் கட்டி முடித்துவிட்டு, விலைப்பலகையை மட்டும் ஆணியடித்து வைத்தாற்போல. என்றாவது ஒருநாள் அந்த ஆணியைக் கழற்ற நினைத்தால் கடை தயாராக இருக்கும்.

வரியில் இல்லாதது உச்சவரம்பு. 45 வெள்ளி கட்டினால் எத்தனை டன் வேண்டுமானாலும் விடலாம். மேலும், அதிகம் புகைவிட்டுக்கொண்டு வெளிநாட்டுப் போட்டியையும் சந்திக்கும் நிறுவனங்களுக்கு, அவை இங்கிருந்து வேறு நாட்டுக்கு ஓடிவிடாமல் இருக்க, வரியில் ஒரு பகுதிக்குத் தற்காலிகச் சலுகை உண்டு. அதன் நியாயம் புரிகிறது. ஜூரோங் தீவு ஆலை அப்படியே வேறு நாட்டுக்குப் போனால் நம் வேலையும் போகும், உலகப் புகையும் குறையாது. ஆனால் ஐரோப்பாவில் எந்த ஆலை எவ்வளவு வெளியேற்றியது, எத்தனை சீட்டு இலவசமாகப் பெற்றது என்பதை யார் வேண்டுமானாலும் பொதுக் கணக்கேட்டில் பார்க்கலாம். 2006இல் அந்தச் சந்தையின் குறை அம்பலமானதே அந்தக் கணக்கால்தான். இங்கும் ஆலைவாரியாகச் சலுகை விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தால் நல்லது என்பது என் கருத்து.

வீட்டுக்கு வரும் கட்டணச் சீட்டு

"இதெல்லாம் பெரிய கம்பெனிகள் பாடு, எங்களுக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. எனவே மின்நிலையம் கட்டும் வரியில் ஒரு பகுதி நம் பயனீட்டுக் கட்டணத்தில் வந்து உட்காரும். வரி 25 வெள்ளியானபோது ஒரு சராசரி நான்கறை வீவக வீட்டுக்கு மாதம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கம் கணக்கிட்டது. அதைச் சமாளிக்க யூ-சேவ் தள்ளுபடியும் கூட்டப்பட்டது.

இந்தச் சின்னத் தொகைதான் கரிமக் கொள்கைகளின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் கரிம விலையைக் கொண்டுவந்தது. மின்கட்டணம் தேர்தல் மேடைப் பேச்சானது, ஆட்சி மாறியது, 2014 ஜூலையில் சட்டமே ரத்தானது. கனடா குடும்பங்கள் வாங்கும் எரிபொருள்மீது கரிம விலை வைத்து, வசூலித்ததில் பெரும்பகுதியை அதே குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுத்தும் வந்தது. ஆனால் பெட்ரோல் நிலையத்தில் கூடிய விலை மக்கள் கண்ணில் பட்டது, வங்கிக் கணக்கில் விழுந்த பணம் படவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த விலை பூஜ்யமாக்கப்பட்டது. அதே வேளையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2024 நவம்பரில் மக்களிடமே வாக்கு கேட்டார்கள். கரிமச் சந்தையை ஒழிக்கலாமா என்ற கேள்விக்குப் பெரும்பான்மையோர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். ஆக, மக்கள் எப்போதும் எதிர்ப்பார்கள் என்பதும் இல்லை. பணம் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள்.

எல்லையில் நிற்கும் புதிய சுங்கம்

இனி வரும் ஆண்டுகளில் கரிம விலையைப் பரப்பப்போவது மாநாடுகளைவிட வணிகம்தான். ஐரோப்பா 2023 அக்டோபரில் சோதனையாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கும் எல்லைக் கரிமக் கட்டணத்தைச் சொல்கிறேன். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை ஐரோப்பாவுக்குள் கொண்டுவருபவர், அவற்றைத் தயாரித்தபோது வெளியான கரிமத்துக்கு ஐரோப்பிய விலையையொட்டிக் கட்டணம் கட்ட வேண்டும். பொருள் தயாரான நாட்டிலேயே கரிம விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். உண்மையில் கையைவிட்டுப் போன தொகைக்கு மட்டும்தான் கழிவு, சலுகையாகத் திரும்பி வந்ததற்கு இல்லை.

இதன் விளைவைப் பக்கத்திலேயே பார்க்கலாம். எஃகு ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு இரண்டே வழி: பிரஸ்ஸல்ஸுக்குக் கட்டுவது அல்லது தன் சொந்தக் கருவூலத்துக்குக் கட்டுவது. மலேசிய அரசாங்கம் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026க்குள் கரிம வரி கொண்டுவரப்போவதாக 2024 அக்டோபர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்ததன் பின்னணியில் இந்தக் கணக்கும் உண்டு. சீனா 2021 ஜூலையில் மின்நிலையங்களோடு தொடங்கிய தன் தேசியச் சந்தையில் 2025இல் எஃகு, சிமெண்ட், அலுமினியத் துறைகளைச் சேர்த்தது. இதுவரை அங்கே மொத்த அளவுக்கு உச்சவரம்பு இல்லை, உற்பத்தி அலகுக்கு இவ்வளவு என்ற அளவுகோல்தான். 2027 முதல் சில துறைகளுக்கு மொத்த உச்சவரம்பு வைக்கும் திட்டத்தை அறிவித்திருக்கிறார்கள். இந்தியாவும் 2023இல் தன் கரிமச் சந்தைத் திட்டத்துக்கு அறிவிக்கை வெளியிட்டது.

ஐந்து விழுக்காட்டுக் கதவு

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். சிங்கப்பூர் வரியைத் தேர்ந்தெடுத்தாலும், வணிகத்துக்கு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2024 முதல் ஆலைகள் தாங்கள் வரி கட்டவேண்டிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை, வெளிநாட்டில் நடந்த கரிமக் குறைப்புக்கான புள்ளிகளை வாங்கி ஈடுகட்டலாம். நமக்குக் காற்றாலை வைக்க இடமில்லை, நீர்வீழ்ச்சியில்லை, சூரியத் தகடு விரிக்கக் கூரைகளும் நீர்த்தேக்கங்களும்தான். எனவே இங்கே 45 வெள்ளி செலவில் முடியாத குறைப்பை வேறொரு நாட்டில் செய்யலாம் என்பது நியாயமான வாதம். ஆனால் பெரியவர் கேட்ட கேள்வியின் கூர்மை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஜூரோங் தீவின் புகைபோக்கியில் அளவுக்கருவி வைத்துவிடலாம். தொலைதூரக் காட்டில் வெட்டப்படாத மரத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

பழைய அனுபவம் எச்சரிக்கிறது. கியோட்டோ உடன்பாட்டின்கீழ் வளரும் நாடுகளில் நடக்கும் திட்டங்களுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. தமிழ்நாட்டு நூற்பாலைகள் சங்கம்கூட, உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒன்றாகத் திரட்டி அந்தத் திட்டத்தில் பதிந்தது. காற்றாலை நல்ல காரியம்தான். ஆனால் இப்படிப்பட்ட ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு கேள்வி உண்டு: புள்ளிப் பணம் வராவிட்டால் இது கட்டப்பட்டிருக்காதா? எப்படியும் கட்டியிருப்பார்கள் என்றால், அந்தப் புள்ளியை வாங்கியவர் எதையும் குறைக்கவில்லை, வெறும் காகிதத்தைத்தான் வாங்கினார்.

இதைவிட மோசமானது குளிர்பதன வாயு விவகாரம். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்படும் ஒரு வாயுவைத் தயாரிக்கும்போது கழிவாக இன்னொரு வாயு வரும். அது கரியமில வாயுவைவிடப் பூமியை 11,000 மடங்குக்கு மேல் சூடாக்கக்கூடியது. அதை எரித்து அழித்தால் டன்னுக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள். சீனாவிலும் இந்தியாவிலும் உள்ள ஆலைகள் அழித்தன, புள்ளிகளை விற்றன. கழிவை அழிப்பதில் கிடைத்த பணம் அசல் பொருளை விற்பதில் கிடைப்பதைவிட அதிகமாகப் போனது. கழிவுக்காகவே உற்பத்தியைக் கூட்டுகிறார்களோ என்ற சந்தேகம் வலுத்து, 2013 முதல் ஐரோப்பா அந்தப் புள்ளிகளைத் தன் சந்தையில் ஏற்க மறுத்தது. 2008இல் 20 யூரோவுக்கு மேல் போன கியோட்டோ புள்ளி, 2012 இறுதியில் 1 யூரோவுக்கும் கீழே கிடந்தது.

காடுகளின் கதையும் சர்ச்சைதான். 2023 ஜனவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழும் ஜெர்மனியின் டீ சைட் வார இதழும் சேர்ந்து நடத்திய புலனாய்வு, வெர்ரா என்ற சான்றளிப்பு அமைப்பு அங்கீகரித்த மழைக்காட்டுப் புள்ளிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்று எழுதியது. கணக்கிட்ட முறையே தவறு என்று வெர்ரா மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் பொருளின் தரத்தைப் பற்றி இவ்வளவு தூரம் வேறுபடும் இரண்டு கணக்குகள் இருக்கும்போது வாங்குகிறவர் தயங்குவார், விலை விழும். சாபாவின் குவாமுட் மழைக்காட்டுத் திட்டத்தில், 83,000 ஹெக்டருக்கு மேற்பட்ட காட்டைக் காப்பதற்கான புள்ளிகள் 2024 ஜூலையில் மலேசியப் பங்குச் சந்தையின் கரிமப் பிரிவில் ஏலத்துக்கு வந்தபோது ஒரு புள்ளி 50 ரிங்கிட்டுக்குப் போனது. நம் காசில் 15 வெள்ளிக்கும் குறைவு. தாமாக முன்வந்து வாங்கும் நிறுவனங்களின் சந்தை அது.

சிங்கப்பூர் இந்தப் பாடங்களைப் படிக்காமல் இல்லை. வெளிநாட்டுப் புள்ளி நம்மிடம் செல்ல வேண்டுமானால் ஏழு நெறிகளுக்கு உட்பட வேண்டும். அவற்றில் முக்கியமானது இரட்டைக் கணக்கு கூடாது என்பது. ஒரு டன்னைச் சிங்கப்பூருக்கு விற்ற நாடு, தன் சொந்த இலக்கில் அதே டன்னைச் சேர்த்துக்கொள்ளாமல் கழித்துக்காட்ட வேண்டும். கல்யாணத்தில் வந்த மொய்ப்பணத்தை மாப்பிள்ளை வீட்டாரும் பெண்வீட்டாரும் ஆளுக்கொரு நோட்டில் வரவு வைத்தால் பணம் இரட்டிப்பாகிவிடுமா? பாரிஸ் உடன்பாட்டின் 6ஆம் பிரிவு இதற்காகத்தான். அதன் விதிகளில் பெரும்பகுதியை 2021இல் கிளாஸ்கோவில் ஏற்றுக்கொண்டு, மீதியை 2024இல் பாக்கூவில்தான் முடித்தார்கள். ஒரு பிரிவுக்கு விதி எழுதி முடிக்க ஒன்பது ஆண்டு என்றால் பிடிவாதம் எவ்வளவு இருந்திருக்கும் பாருங்கள்.

இந்த அடிப்படையில் சிங்கப்பூர் முதல் உடன்பாட்டை 2023 டிசம்பரில் பாப்புவா நியூ கினியுடன் கையெழுத்திட்டது. கானா 2024இல் வந்தது, பிறகு இன்னும் பல நாடுகள். பாப்புவா நியூ கினி, கானா உடன்பாடுகளின்படி, புள்ளி வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு ஈடானது அந்த நாடு பருவநிலைப் பாதிப்புகளைச் சமாளிக்கப் போகும். புள்ளிகளில் 2 விழுக்காடு யாருக்கும் விற்கப்படாமல் ரத்தாகும். அரசாங்கமே தன் இலக்குக்காக 2025 செப்டம்பரில் கானா, பெரு, பராகுவே நாடுகளின் நான்கு இயற்கைசார் திட்டங்களிலிருந்து 21.75 லட்சம் டன்னுக்கான புள்ளிகளை 7.6 கோடி வெள்ளிக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. வகுத்துப் பார்த்தால் டன்னுக்குச் சுமார் 35 வெள்ளி. குவாமுட் விலையைப்போல் இரு மடங்குக்கு மேல். இரட்டைக் கணக்கு இல்லை என்ற உத்தரவாதத்துக்கும் கடுமையான சோதனைக்கும் அந்தக் கூடுதல் விலை போகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. மலிவாகக் கிடைப்பதை வாங்கிக் குவிக்காததை நான் வரவேற்கிறேன்.

ஆனாலும் ஒரு கவலை இருக்கிறது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் வெளியேற்றும், சலுகை ஏதும் பெறாத ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். 5 விழுக்காடு என்றால் 50,000 டன். 45 வெள்ளி வரியில் அந்தப் பகுதிக்கு 22.5 லட்சம் வெள்ளி. அதற்குப் பதில் 35 வெள்ளிப் புள்ளிகளை வாங்கினால் 17.5 லட்சம். மிச்சம் 5 லட்சம்தான், பெரிய ஆலைக்கு அது பெரிய தொகை இல்லை. வரி 80 வெள்ளியாகி, புள்ளி விலை அங்கேயே நின்றால் மிச்சம் 22.5 லட்சமாகிவிடும். அப்போது, "5 விழுக்காட்டை 10 ஆக்கக்கூடாதா?" என்ற குரல் தொழில்துறையிலிருந்து கட்டாயம் எழும். 10 ஆக்கினால் மிச்சம் 45 லட்சம். வாதமும் கேட்க நன்றாகவே இருக்கும்: உலகத்துக்கு எங்கே குறைத்தால் என்ன, ஏழை நாட்டுக்குப் பணமும் போகிறதே என்பார்கள்.

ஐரோப்பா 2005இல் ஆலைகளின் முகம் கோணக்கூடாது என்று சீட்டுகளை அள்ளிக்கொடுத்தது, அந்தத் தாராளத்தைத் திரும்பப் பெற 14 ஆண்டுகள் பிடித்தன. இங்கே தாராளம் வந்தால் இந்த 5 விழுக்காட்டுக் கதவு வழியாகத்தான் வரும். 2030ஐ நெருங்கும்போது எல்லாரும் 50 வெள்ளியா 80 வெள்ளியா என்பதையே பேசிக்கொண்டிருப்பார்கள். நான் அந்த 5 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அடுத்த கலந்துரையாடலுக்கு வரும் விருந்தினரிடம் முதல் கேள்வியாக அதையே கேட்பேன்.